நாட்டமின்மையா, அமைப்பின் குறையா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருந்தனர் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. காரணம் கேட்டால், வணிகத்தில் மூழ்கியிருந்த அச்சமூகத்திற்குப் படிப்பில் நாட்டமில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இப்பழி பொருந்துமா என்பதை நாம் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1869-ஆம் ஆண்டு ஆங்கில அரசு அங்கே பொதுப் போதனைத் திணைக்களத்தை நிறுவியது. பள்ளி நடத்துவோருக்கு உதவிப்பணம் வழங்கும் முறையும் அதனுடன் வேரூன்றியது. முறை யாவர்க்கும் பொதுவானதே. ஆயினும், கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் முன்னரே உடையவர்க்கே அது கைகொடுத்தது. அவை பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன்களிடமே இருந்தன. ஆகவே, முஸ்லிம் தந்தையின் முன் இரு வழிகளே நின்றன: பிள்ளையின் ஈமானுக்கு அஞ்சியபடியே மிஷன் பள்ளிக்கு அனுப்புவது, அன்றேல், குர்ஆன் ஓதும் பள்ளியோடு நிறுத்திக்கொள்வது. ஓதும் பள்ளியில் பயின்றோர் எழுத்தறியாதவர் அல்லர். அரபுத் தமிழில் எழுதவும் வாசிக்கவும் பலர் கற்றிருந்தனர். அந்த எழுத்தறிவுக்கு அரசாங்க உத்தியோகத்தில் மதிப்பில்லை என்பதே உண்மை.

இந்நிலையை உணர்ந்தவர் 1838-இல் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அவர்கள். 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய அவர், தம் சமூகத்தாரை இடித்துரைத்ததோடு அமையவில்லை. இல்லாத பள்ளியை உண்டாக்க முனைந்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883-இல் கொழும்பு வந்திறங்கிய ஒறாபி பாஷா அவருக்குத் துணை நின்றார். 1884-இல் கொழும்பில் ஒரு பள்ளி எழுந்தது. போதிய ஆதரவின்றி நலிந்தது. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. 1892-இல் வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் உதவியால் மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா தோன்றியது. பெண்மக்களின் கல்விக்காகவும் சித்திலெப்பை கண்டியில் உழைத்தார். 1898-இல் அவர் மறைந்தார்.

அவர் நட்ட செடி மரமாவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்த டி. பி. ஜாயா அவர்களின் காலத்திலேயே ஸாஹிறாக் கல்லூரி நாடறிந்த கலைக்கூடமாக ஓங்கியது. 1945-இல் இலவசக் கல்வியும் வந்தபோது, கட்டணம் என்ற தடையும் தளர்ந்தது. நாட்டமற்றவர் எனப்பட்டோரின் பிள்ளைகள் பள்ளிகளை நாடி வந்தனர்.

இவ்வரலாறு இருவர்க்கும் பாடமாகும். பிள்ளைகள் படிக்கவில்லை என்று குறைகூறும் அரசு, அவர்கள் நுழையத்தக்க வாயிலை வைத்ததா என்று தன்னையே கேட்க வேண்டும். அமைப்பின் மீது பழிசுமத்தி ஓய்ந்திருக்கும் நாமோ, 1884-இல் எழுந்த அப்பள்ளி ஏன் நலிந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கதவை அடைத்தவர் பிறராக இருக்கலாம்; திறந்த கதவைக் காக்கத் தவறியவர் நாமே.