முட்டுக்காட்டில் ஒரு குவேக்கர்

மாமல்லபுரம் போகிற வழியில், முட்டுக்காட்டில் தட்சிண சித்ராவை நம்ம கல்லூரி நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். 1996-ல் திறந்த அந்த வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். குவேக்கர் கிறிஸ்தவர். ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அதனால் இரண்டாம் உலகப் போரில் மருத்துவத் தொண்டராகச் சீனா போனார். திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்கணும் என்று காந்தி சொன்னது மனசில் தங்கிவிட்டது. 1945-ல் தொழுநோயாளர் மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். டாக்டர் எலிசபெத்தை மணந்து இமயமலை அடிவாரப் பித்தோராகரில் பதினாறு வருஷம், பிறகு கேரளம்.

அவருடைய 'எலிப்பொறி' சுவரில் செங்கல் படுக்காது, பக்கவாட்டில் நிற்கும்; நடுவில் வெற்றிடம். செங்கல் கால் பங்கு மிச்சம், வெயிலும் சுலபமாக உள்ளே இறங்காது. கான்கிரீட் இழுவிசை தாங்காது, அதைக் கம்பிதான் தாங்கும். ஆகவே தளத்தின் அடிப்பக்கம் ஓடுகளைப் பதித்து சிமெண்டைக் குறைத்தார். எல்லாம் நாம் படித்த பாடம்தான். ஏழைக்கும் வீடு எட்டணும் என்று அதைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1990-ல் பத்மஸ்ரீ, 2007-ல் மறைந்தார். அவர் விசுவாசத்தை நான் பிரசங்கத்தில் தேடவில்லை. வீணாக்காத அந்தச் சுவரிலேயே தெரிகிறது. அவர் முறையைக் கற்ற கொத்தனார்கள் இன்றும் கட்டுகிறார்கள்.

தம்பி தங்கைகளே, எஸ்டிமேட் போடும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இது யாருக்கு எட்டும்?