சங்கர்லாலும் தமிழ்ப் பரீட்சையும்

தமிழில் துப்பறியும் கதை நாம் நினைப்பதைவிடப் பழையது. பண்டித நடேச சாஸ்திரி 1894லேயே 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனைப் படைத்துவிட்டார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு வரிசை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை என் மாமனார் காலத்துக்காரர்கள் உயிரோடு இருந்த ஆள் மாதிரியே பேசுவார்கள். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் துப்பறியும் சாம்புவைக் கொண்டுவந்தார். சாம்பு அசடு. அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடிப்பவர். சிரிக்கலாம், ஆனால் அவரைப் போல ஆகவேண்டும் என்று எந்தப் பையனும் ஆசைப்பட மாட்டான்.

அந்த ஆசையை உண்டாக்கியவர் தமிழ்வாணன். தேவகோட்டையில் 1926ல் பிறந்தவர், இயற்பெயர் இராமநாதன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளம். அந்த இரண்டை மட்டும் உறையின் மேல் வரைந்து தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். 'கல்கண்டு' இதழும் 'துணிவே துணை' என்ற வாசகமும் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் படைத்த வீரர்தான் சங்கர்லால். தேநீர் குடிப்பார், யோசிப்பார், மறுபடி தேநீர். வீட்டில் மனைவி இந்திரா. வேலை என்று வந்தால் விமானம் ஏறி டோக்கியோவரை போவார். இங்கிலாந்தில் 1953ல் இயான் ஃபிளெமிங் ஜேம்ஸ் பாண்டை இறக்கிவிட்டார். அந்த ஆள் மது, மங்கை என்று அலைந்தார். நம்மவர் தேநீரோடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கி எறியவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பாவுக்கு அங்கே கடை. துப்பறியும் ஆள் என்றால் எனக்கு முதலில் தெரிந்தவர் சிமெனோனின் மெக்ரே. 1931ல் புத்தகமாக வரத் தொடங்கியவர். குழாய்ப் புகை, கனத்த கோட்டு, அவசரமே இல்லாத மனிதர். தமிழை வீட்டில் பேசினேனே தவிர, எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் நகர அரைமணி ஆகும். 1970களின் தொடக்கத்தில் அம்மாவின் ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்து அரசு வேலையில் சேர்ந்தபோது அது பெரிய கண்டமாகிவிட்டது. தமிழில் படிக்காதவர்கள் இரண்டு வருடத்துக்குள் தமிழ்த் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலை நிலைக்காது. அலுவலகக் குறிப்பெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் வேறு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், என் சம்பளத்தை நம்பி.

இலக்கணப் புத்தகம் தூக்கத்தைத்தான் தந்தது. கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகைப் புத்தகக் கடை, நாளுக்கு ஐந்து பைசா. அங்கே சங்கர்லால் அடுக்கி வைத்திருந்தார்கள். வரிகள் சின்னச் சின்னதாக இருக்கும். கூடியமட்டும் தமிழ்ச் சொற்களாகவே போடுவார். அடுத்த பக்கத்தில் என்ன என்ற பரபரப்பில் கண் தானாக ஓடும். இரவில் ஒரு அத்தியாயம் படிப்பேன், காலையில் அதையே என் வார்த்தையில் எழுதிப் பார்ப்பேன். எட்டு மாதம் இப்படி. தேர்வில் தேறினேன். என் முதல் குறிப்பைப் பார்த்த தலைமை எழுத்தர், "என்னய்யா, கோப்புல கொலை நடந்த மாதிரி எழுதியிருக்கீரு?" என்றார். மேலே ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அத்தனை தமிழ்ப் பற்று உள்ளவர் தன் வீரருக்கு ஏன் வடக்கத்திப் பெயர் வைத்தார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கை. வீட்டுக்கு ஒரு சங்கரன் இருக்கிற எங்கள் ஊரில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 'லால்' மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

தமிழ்வாணன் 1977ல் காலமானார், ஐம்பத்தோரு வயதில். அதற்கு முன்பே, 1968ல், சுஜாதாவின் கணேஷ் 'நைலான் கயிறு' வழியாக வந்துவிட்டார். பின்னால் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா. சுஜாதா எழுத்தில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணேஷை வைத்து நான் தமிழ் கற்றிருக்க முடியாது. பாதி வசனம் ஆங்கிலம்.

'டோக்கியோ ரோஜா'வை 2008ல் சென்னைப் பதிப்பகம் ஒன்று ஆங்கிலத் தொகுப்பில் சேர்த்து வெளியிட்டது. பேத்தி அதை வாங்கி வந்தாள். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "தாத்தா, இவர் எத்தனை டீதான் குடிப்பார்?" என்றாள்.