சாப்பிடும்போது குழந்தையின் மூச்சில் சத்தம்: எப்போது கவலைப்பட வேண்டும்?

கம்போங் மேடான் அடுக்குமாடி வீடு ஒன்றில் ஏழு மாதக் குழந்தைக்கு கேரட் கஞ்சி ஊட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கரண்டியிலேயே மூச்சில் "கர்ர்... கர்ர்" சத்தம். "சளிதான்மா, பயப்படாதே" என்கிறார் பாட்டி. "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கும்போல" என்று பதறுகிறார் அம்மா.

யார் சொல்வது சரி? சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அது எப்போது தொடங்கியது, கூடவே வேறு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

சத்தம் ஏன் வருகிறது?

கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுவார்கள். மூக்கில் கொஞ்சம் சளி இருந்தாலே, வாயில் உணவு இருக்கும்போது சத்தம் கூடும். ஊட்டுவதற்கு முன் சலைன் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்தால் குறையலாம்.

பிறந்த சில வாரங்களிலேயே, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற சத்தம் தொடங்கியதா? அது லாரிங்கோமலேசியாவாக இருக்கலாம். குரல்வளையின் மேல்பகுதித் திசு மென்மையாக இருப்பதால் உள்பக்கம் மடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 முதல் 24 மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எடை ஏறவில்லை என்றால் தாமதிக்காதீர்கள்.

ஓங்கரிப்பா, அடைப்பா?

புதிதாகத் திட உணவு சாப்பிடும் குழந்தை ஓங்கரிப்பது சகஜம். நாக்கைத் தள்ளும், இருமும், கண்ணில் நீர் வரும். இது உடலின் பாதுகாப்பு வேலை. விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

உண்மையான அடைப்பில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. மாநிறக் குழந்தைகளின் முகத்தில் நீலம் பூப்பது எளிதில் தெரியாது. உதடு, நாக்கு, ஈறுகளைப் பாருங்கள்.

அடைத்துக்கொண்டால்?

உடனே ஒருவர் 999 அழைக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் திருப்பி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். நினைவிழந்தால் சிபிஆர் தொடங்க வேண்டும்.

எப்போது மருத்துவமனைக்கு?

- கச்சாங் பூத்தே, முறுக்குத் துண்டு போன்றவை வாயில் போன பிறகு திடீரென்று இருமலோ வீசிங்கோ தொடங்கினால். இருமல் அடங்கினாலும் போங்கள். கடலை மூச்சுக்குழாயில் சிக்கினால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் என்ன சாப்பிட்டது என்று மறக்காமல் சொல்லுங்கள்.
- மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தால்.
- 2 முதல் 12 மாதக் குழந்தை, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 50 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால்.

தடுப்பது எப்படி?

நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ரம்புத்தான், லொங்கான் விதைகள் கைக்கு எட்டக்கூடாது. ஐந்து வயது வரை முழுக் கடலை வேண்டாம்.

அவசரமில்லாத சத்தம் என்றால், அதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து கிளினிக்கில் காட்டுங்கள். டாக்டர் முன்னால் குழந்தை அமைதியாகத்தான் இருக்கும்!