செம்பா, அலுமினியமா? டெஸ்லா சுருளின் தலையும் கொங்கு நாட்டு உலோகங்களும்

டெஸ்லா சுருள் என்பது சாதாரண மின்சாரத்தைப் பல லட்சம் வோல்ட் வரை உயர்த்தி, குட்டி மின்னல்களைக் காற்றில் வீசும் கருவி. உயரமான குழாய் ஒன்றில் மெல்லிய செம்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றி, உச்சியில் ஓர் உலோகக் கோளத்தையோ மெதுவடை வடிவ வளையத்தையோ வைப்பார்கள். பள்ளிக் கண்காட்சிக்காக இதை வீட்டிலேயே செய்ய முனைந்த ஒரு பையனின் தகப்பனார், நான் பழைய சங்கதிகளைக் கிண்டுகிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, தலைக்குச் செம்புதான் வைக்கோணுமுங்களா? விலை கட்டுப்படியாகலீங்க."

நியாயமான கேள்வி. பதில் டெஸ்லாவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நிக்கோலா டெஸ்லா 1901-இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 187 அடி உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதன் உச்சியில் காளான் குடைபோல 68 அடி விட்டத்தில் ஒரு கவிகை. பணம் தீர்ந்து வேலை நின்றது; 1917-இல் கோபுரத்தையே இடித்துவிட்டார்கள். ஆனால் 1902-இல் அவர் விண்ணப்பித்து 1914-இல் கிடைத்த காப்புரிமையில் அந்தக் குடையின் சூட்சுமம் நிலைத்துவிட்டது. மின்சாரம் சேரும் வெளிப்பரப்பு பெரிய வளைவாக இருக்க வேண்டும் என்பதே அது. கூர்முனை இருந்தால் அங்கிருந்து மின்சாரம் காற்றில் கசிந்து வீணாகும். ஆக, முதலில் பார்க்க வேண்டியது உலோகத்தை அல்ல, உருவத்தை.

அப்படியானால் உலோகத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் குறைவு. இந்தச் சுருளில் மின்னோட்டம் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும். அந்த வேகத்தில் அது உலோகத்தின் உள்ளே போகாது, தோலை ஒட்டியே ஓடும். நொடிக்கு 2 லட்சம் அதிர்வு என்றால் செம்பில் சுமார் 0.15 மில்லிமீட்டர், அலுமினியத்தில் சுமார் 0.19 மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம் என்பது உண்மை. ஆனால் தலையின் பரப்பு பெரியது. தடையெல்லாம் கீழே சுற்றிய மெல்லிய கம்பியில்தான். தலையில் செம்பை வைத்தாலும் அலுமினியத்தை வைத்தாலும் மின்னலின் நீளத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

எடையில்தான் வித்தியாசம். ஒரே அளவுப் பாத்திரம் அலுமினியத்தில் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிளாஸ்டிக் குழாயின் தலையில் கனத்தை ஏற்றினால் சாய்ந்துவிடும். இரும்பு துருப்பிடித்துச் சொரசொரப்பாகும். எவர்சில்வர் மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும், ஆனாலும் வேலை செய்யும்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போனது. தட்டையான தகட்டைத் தட்டித் தட்டி உருண்டைக் குடமாக்குவது அங்கே பரம்பரைக் கைவேலை. டெஸ்லா கேட்ட பெரிய வளைவு இதுதானே! குடத்து வாயின் விளிம்பு மட்டும் மழுங்கலாக மடிந்திருக்க வேண்டும். வீடுகளில் எவர்சில்வர் போசிகள் வந்தபின் பித்தளைக்கு மவுசு குறைந்தது, கைவேலைக்காரர்களும் குறைந்துவருகிறார்கள்.

அலுமினியத்தின் கதை எனக்குப் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் ஆசிரியர் 'போக்ஸீத்' என்று உச்சரித்ததைத்தான் இங்கே பாக்சைட் என்கிறார்கள். பிரான்சின் தென்பகுதியில் உள்ள லே போ என்ற ஊரின் பெயரால் வந்த கனிமம் அது. 1886-இல் பிரான்சில் எரூ, அமெரிக்காவில் ஹால், இருவரும் தனித்தனியே மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863, மறைந்தது 1914! அதற்குமுன் அலுமினியம் விலையுயர்ந்த ஆடம்பரப் பொருள்.

ஒரு கிலோ அலுமினியத்துக்கு இன்றும் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே மின்சாரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் அந்தத் தொழில் போகும். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. பின்னால் மின்சாரம் வந்தது. 1965-இல் அங்கே அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மண் ஏற்காடு, கொல்லிமலையிலிருந்து. நடுவே எஃகு இழை வைத்த அலுமினியக் கம்பிகள்தான் நம் தோட்டத்துக் கிணறுகளுக்கு மின்சாரத்தைக் கொண்டுபோயின.

இன்று சத்தீஸ்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் கடந்து 800 கிலோவோல்ட் மின்பாதை கொங்கு நாட்டுப் புகளூருக்கு வருகிறது. இத்தகைய உயரழுத்த நிலையங்களின் கருவிகளிலும் வழவழப்பான அலுமினிய வளையங்களைப் பார்க்கலாம். கசிவைத் தடுக்கும் அதே சூட்சுமம்தான்.

ஆக, தகப்பனாருக்கு நான் சொன்னது: சமையலறைப் புகைபோக்கிக்கு விற்கும் வளையும் அலுமினியக் குழாயை வட்டமாக்கி, இணைப்பை வழவழப்பாக ஒட்டினால் போதும். மிச்சப் பணத்தை நல்ல தரையிணைப்புக்குச் செலவழியுங்கள். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பையன் சுவிட்சைத் தொடக்கூடாது. இது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

பையனிடம் ஒன்று சொன்னேன். அனுப்பர்பாளையம் போய், தகடு குடமாவதை ஒருமுறை நின்று பார். டெஸ்லா காகிதத்தில் எழுதியதை அவர்கள் சுத்தியலில் வைத்திருக்கிறார்கள்.