பிரபுவின் அடுப்பும் குடியானவன் அடுப்பும்



மன்னர்கள் செய்த போர்களும் அவர்கள் முடிசூடிய நாட்களும் மட்டுமே வரலாறு என்று எண்ணிவிடுதல் கூடாது. மக்கள் நாள்தோறும் உண்ட உணவுக்கும் வரலாறு உண்டு; அவ்வுணவைச் சமைத்த அடுப்புக்கும் வரலாறு உண்டு. இன்று நாம் காணப்போவது, விறகெரித்து ரொட்டி சுடும் செங்கல் அடுப்பின் வரலாறு. இஃது எத்துணைச் சிறிய பொருள் என்று மாணவ அன்பர்கள் கருதலாம். ஆயினும், தன் வீட்டுக் கொல்லையில் ஓர் அடுப்புக் கட்டிக்கொள்ளும் உரிமைகூட ஐரோப்பியக் குடியானவர் பலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வுரிமை எவ்வாறு பறிபோயிற்று, எவ்வாறு மீண்டது என்பதை அறிந்தால், இச்சிறு பொருளின் பெருமை விளங்கும்.

முதலில் அவ்வடுப்பின் அமைப்பை அறிந்துகொள்வோம். நம் வீடுகளில் உள்ள அடுப்பில் நெருப்பு கீழே எரியும்; பாத்திரம் மேலே இருக்கும்; நெருப்பு அணைந்தால் சமையலும் நின்றுவிடும். ரொட்டி அடுப்போ வேறு வகையானது. அது கவிழ்த்து வைத்த பெரிய சட்டியைப் போன்ற ஒரு கவிமாடம். அதற்கு முன்புறம் ஒரே ஒரு வாய் உண்டு. விறகு அதன் தரையின்மேலேயே இரண்டு மூன்று மணி நேரம் எரிக்கப்படும். புதிய காற்று வாயின் அடிப்பகுதி வழியாக உள்ளே புகும். புகை அதே வாயின் மேற்பகுதி வழியாக வெளியேறும். தொடக்கத்தில் கவிமாடத்தின் உட்புறம் கரியேறிக் கறுத்திருக்கும். சூடு மிக மிக, அக்கரியும் எரிந்து செங்கல் வெளுத்துத் தோன்றும். அதுவே அடுப்புப் பழுத்ததற்கு அடையாளம். பிறகு தணலையும் சாம்பலையும் வெளியே வாரிவிட்டு, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, நீண்ட மரத் துடுப்பினால் மாவுருண்டைகளை உள்ளே தள்ளி, வாயை மூடிவிடுவர். நெருப்பே இல்லாத அடுப்பில் ரொட்டி வேகும். செங்கல் உண்டு வைத்திருந்த வெப்பம், தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் ஒரே சீராக மாவைத் தாக்கும். ரொட்டி எடுத்த பின்னரும், எஞ்சிய மிதமான சூட்டில் பழம், பயறு முதலியவற்றைப் பக்குவம் செய்வர். இலங்கைத் தமிழர் இவ்வடுப்பைப் 'போறணை' என்பர். ரொட்டியைக் குறிக்கும் 'பாண்' என்னும் சொல்லைப் போலவே இதுவும் போர்த்துக்கேசியர் வழியாக அவர்கள் வழக்கில் புகுந்த சொல்லாகும்.

இவ்வடுப்பு மிகப் பழமையானது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொங்கி இத்தாலியின் பாம்பேய் நகரை மூடியது. அந்நகரை அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட ரொட்டிக் கூடங்கள் வெளிப்பட்டன. செங்கல்லும் எரிமலைக் கல்லும் கொண்டு கட்டிய அவற்றின் அடுப்புகளை இன்றும் காணலாம். 1862ஆம் ஆண்டில் அவ்வாறு மூடிக் கிடந்த ஓர் அடுப்பினுள் 81 ரொட்டிகள், வைத்தவை வைத்தபடியே, கரியாகிக் கிடந்தன. சுட்டவர் அவற்றை எடுக்க வரவில்லை. பக்கத்து நகரான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியின்மேல், அதனைச் செய்த அடிமையின் பெயரும் அவன் ஆண்டானின் பெயரும் முத்திரையிடப்பட்டுள்ளன. 2023ஆம் ஆண்டில் பாம்பேயில் மற்றொரு ரொட்டிக் கூடம் கண்டறியப்பட்டது. அதிலிருந்து தெருவிற்குச் செல்ல வாயில் இல்லை. ஆண்டானின் வீட்டுக் கூடத்திற்கு மட்டுமே வழி இருந்தது. அதன் சிறு சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. கழுதைகளும் அடிமைகளும் அதனுள் அடைபட்டு மாவரைத்தனர். நகரத்தார் உண்ட ரொட்டி, வெளியே வரவியலாத மனிதரின் உழைப்பால் விளைந்தது என்பதை அக்கம்பிகள் உரைக்கின்றன.

உரோமப் பேரரசு வீழ்ந்த பின்னர், இடைக்கால ஐரோப்பாவில் அடிமை முறைக்கு ஈடாக நிலப்பிரபு முறை வேரூன்றியது. பிரான்சு நாட்டில் அடுப்பின் கதை புதிய வடிவம் பெற்றது. ஒரு பெரிய அடுப்பைக் கட்டப் பொருள் வேண்டும். அதைச் சூடாக்க விறகும் மிகுதியாக வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அடுப்பு மூட்டுவதைவிட, ஊருக்கு ஓர் அடுப்பு இருத்தல் சிக்கனமே. கூரை வீடுகள் நெருங்கிய ஊரில் நெருப்புக்கு அஞ்சவும் வேண்டும். 1666இல் இலண்டன் மாநகரை அழித்த பெருந்தீ, ஒரு ரொட்டிக்காரரின் வீட்டிலிருந்தே கிளம்பியது. ஆகவே ஊர்ப் பொது அடுப்பு என்பது தன்னளவில் நல்ல ஏற்பாடே.

ஆனால் நிலப்பிரபுக்கள் அந்நல்ல ஏற்பாட்டை வருவாய்க்கு வழியாக மாற்றினர். அடுப்பு பிரபுவினுடையது, அவருடைய எல்லைக்குள் வாழும் குடிகள் அதில்தான் ரொட்டி சுடுதல் வேண்டும், அதற்குக் கூலியும் கொடுத்தல் வேண்டும். வீட்டில் தனியே அடுப்புக் கட்டிச் சுடுபவர் தண்டனைக்கு உள்ளாவர். மாவரைக்கும் ஆலைக்கும், திராட்சை பிழியும் ஆலைக்கும் இதே கட்டாயம் இருந்தது. குடியானவன் விளைத்த கோதுமை அவனுடைய வாயை அடையுமுன், பிரபுவின் ஆலையில் ஒரு பங்கும் பிரபுவின் அடுப்பில் ஒரு பங்குமாகக் குறைந்தது. முறை வரும்வரை மாவைச் சுமந்து காத்திருத்தலும், காத்திருந்து பெற்ற ரொட்டி கருகியோ வேகாமலோ இருத்தலும் அவன் அன்றாடம் கண்ட துன்பங்கள். சில ஊரார் தம்முள் பணம் திரட்டி அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, அடுப்பை ஊரின் பொதுவுடைமையாக்கிக்கொண்டனர். பகிர்ந்து பயன்படுத்துவதை அவர்கள் வெறுக்கவில்லை, கட்டாயத்தையே வெறுத்தனர்.

இக்கட்டாயம் கடல் கடந்தும் சென்றது. 1608இல் பிரெஞ்சுக்காரர் வட அமெரிக்காவில் கியூபெக் நகரை நிறுவினர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் குடியேற்றங்கள் பரவின. தாய்நாட்டின் நிலப்பிரபு முறையும் அங்கே நடப்பட்டது. பிரபுவின் ஆலையிலேயே மாவரைத்தல் வேண்டும் என்று 1686ஆம் ஆண்டின் அரசாணை உறுதி செய்தது. அரைக்கும் தானியத்தில் 14இல் ஒரு பங்கு கூலியாயிற்று. அடுப்புக் கட்டாயமும் சில நிலப் பத்திரங்களில் எழுதப்பட்டது. ஆயினும் அங்கு ஆலைக் கட்டாயம் நிலைத்ததுபோல அடுப்புக் கட்டாயம் நிலைக்கவில்லை.

அதற்குக் காரணம் அந்நாட்டின் நில அமைப்பும் குளிருமே. பிரான்சில் வீடுகள் ஊர் நடுவே நெருங்கி நின்றன. கனடாவிலோ ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் ஆற்றங்கரையிலிருந்து உள்நோக்கி நீளும் ஒரு பட்டையாக அமைந்தது. வீடுகள் ஆற்றோரமாக, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. பிரபுவின் அடுப்பு பலருக்கு நெடுந்தொலைவு. கோதுமையை என்றோ ஒருநாள் ஆலைக்குக் கொண்டு செல்லலாம். புளித்து எழுந்த மாவை அவ்வாறு கொண்டுசெல்ல இயலுமோ? பனிக்காலத்தில் அது வழியிலேயே உறைந்துவிடும். அந்நாட்டில் அரசரின் அதிகாரியாயிருந்த ழாக் ரோதோ என்பவர், 1707ஆம் ஆண்டில் பிரான்சு அரசுக்கு எழுதிய கடிதத்தில் இத்துன்பத்தை எடுத்துக்காட்டி, அடுப்புக் கட்டாயத்தை நீக்குமாறு கேட்டுக்கொண்டார். பத்திரத்தில் எழுதியிருந்தது பனியின்முன் செல்லாதாயிற்று. குடியானவர் தத்தம் கொல்லையில் அடுப்புக் கட்டிக்கொண்டனர்.

அவர்கள் கட்டிய முறை அறியத்தக்கது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டினோர் உண்டு. பெரும்பாலோர் கைக்கெட்டிய களிமண்ணையே நாடினர். கல்லோ கட்டையோ அடுக்கித் தரையமைத்து, வளையும் மரக்கிளைகளை அதன்மேல் கவிழ்த்துக் கூடைபோல் பின்னினர். வைக்கோலும் மணலும் கலந்து மிதித்த களிமண்ணை அக்கூடையின்மேல் கனமாகப் பூசினர். மண் பல நாள் நிழலில் உலர்ந்த பின்னர், உள்ளே சிறு சிறு நெருப்பாக மூட்டினர். பெருநெருப்பை எடுத்த எடுப்பில் மூட்டினால், சுவரினுள் தங்கிய ஈரம் ஆவியாகி அடுப்பைப் பிளந்துவிடும். மெல்ல மெல்லச் சூடேற்ற, உள்ளிருந்த கிளைகள் எரிந்து போயின. களிமண் சுட்டு இறுகி நின்றது. மழையும் பனியும் தாக்காதிருக்க மேலே ஒரு பலகைக் கூரை வேய்ந்தனர்.

இவற்றுள் எஞ்சிய அடுப்புகளை லீஸ் புவாலி, ழான் பிரான்சுவா பிளான்ஷெட் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1970களில் அளந்து ஆராய்ந்தனர். அடுப்பு வாயின் உயரம், கவிமாடத்தின் உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடாக அமைதல் நன்று என்பது அவர்கள் கண்ட அளவு. வாய் இதனினும் உயர்ந்தால் வெப்பம் வெளியே ஓடிவிடும். தாழ்ந்தால் புகை போக வழியின்றி நெருப்பு மூச்சடைக்கும். ஏட்டுக் கல்வி இல்லாத குடியானவர், தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்து இவ்வளவை எய்தினர். இன்று தம் கொல்லையில் செங்கல் அடுப்புக் கட்டுவோர் பலரும் இந்த அளவையே பின்பற்றுகின்றனர்.

பிரான்சில் உரிமை மீண்ட வகை வேறு. அங்கே பனி உதவவில்லை, மக்களே எழுந்தனர். 1789இல் புரட்சி வெடித்தது. ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, நிலப்பிரபுக்களின் தனியுரிமைகளை ஒழிப்பதாகத் தேசிய சபை முழங்கியது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் அடுப்புக் கட்டாயங்களுள் பெரும்பாலானவற்றை நீக்கியது; ஒப்பந்தத்தின்மேல் நிலைத்ததாகச் சொல்லப்பட்டவற்றை மட்டும் விட்டுவைத்தது. 1793 ஜூலை 17ஆம் நாள் இயற்றிய சட்டம், எஞ்சிய நிலப்பிரபுத்துவ வரிகளையும் ஈட்டுத்தொகை ஏதுமின்றி ஒழித்தது. கனடாவில் நிலப்பிரபு முறை 1854இல் சட்டத்தால் முடிவுற்றது. அதற்கு நெடுநாள் முன்னரே அங்குக் குடியானவனின் அடுப்பு தன் உரிமையை நிலைநாட்டிவிட்டது.

பிற்காலத்தில் இரும்பு அடுப்பும் கடை ரொட்டியும் பெருகியதால், கொல்லை அடுப்புகள் பல பாழடைந்தன. அண்மைக் காலத்தில் பல நாடுகளில் மக்கள் அவற்றை மீண்டும் விரும்பிக் கட்டுகின்றனர். வெப்பம் தாங்கும் செங்கல்லும், வெப்பத்தை வெளியே விடாத பொருள்களும் அவர்களுக்கு எளிதிற் கிடைக்கின்றன. இன்று அவர்களைத் தடுக்கும் பிரபு எவரும் இல்லை.

மாணவ நண்பர்களே! சட்ட நூல்களிலும் அரசாணைகளிலும் மட்டும் உரிமையின் வரலாற்றைத் தேடாதீர்கள். ஒரு மக்கள் கூட்டம் எந்த ஆலையில் மாவரைத்தது, யாருடைய அடுப்பில் ரொட்டி சுட்டது, அதற்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை கண்டால், அம்மக்கள் எத்துணை உரிமையோடு வாழ்ந்தனர் என்பதும் தெளிவாகும்.