அக்கா விட்டுப்போன 52 பூக்கள்



போன மாதம் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அக்கா பாதியில் விட்டுப்போன மேசை விரிப்பு அதில் இருந்தது. மொத்தம் 80 பூ வேண்டும், 52 முடிந்திருந்தது. கூடவே மெல்லிய குரோஷா ஊசி ஒன்று, கொஞ்சம் நூல். அக்கா போய் ஆறு வருடமாகிறது. எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வேலையில் சேர்ந்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

மீதி 28 பூவையும் முடித்துவிடலாம் என்று அன்றே உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டும் கண்ணி தெரியவில்லை. மூன்று நாளில் ஒரே ஒரு பூ. அதுவும் கை இறுகி, அக்கா பூவில் முக்கால்வாசிதான் வந்தது. பிரித்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பிறகு யோசித்தேன். இந்த வேலையில் பெரியதாகப் பேர் வாங்கியதெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தானே பிறந்தது? அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோய் கண்டு கொடும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரிகளும் வசதியுள்ள பெண்களும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தார்கள். ஒருத்தி ரோஜா பின்னுவாள், இன்னொருத்தி இலை. கடைசியில் வலைபோல் பின்னி எல்லாவற்றையும் இணைப்பார்கள். பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்தச் சரிகைதான்.

நம் பக்கத்தில் நாகர்கோவில் லேஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் தொடங்கியது. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடியிலும் அதைப் பரப்பினார். ஆனால் அது திண்டில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் வேலை. கொக்கி ஊசி வேலை இல்லை. (வகுப்பில் நானே ஒருமுறை இரண்டையும் குழப்பிச் சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும்.)

குரோஷாவுக்கு ஊர் என்றால் ஆந்திராவின் நரசாபூர். அங்கேயும் மிஷனரிகள் கொண்டுவந்ததுதான். 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. பூ பின்னுவது ஒருத்தி, இணைப்பது வேறொருத்தி. சரக்கு வெளிநாட்டுக்குப் போகும், லாபம் வியாபாரிக்குப் போகும். பின்னியவளோ வீட்டில் சும்மா இருப்பவள் என்றே எண்ணப்பட்டாள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அக்காவையும் அப்படித்தானே சொன்னோம், நான் உட்பட.

சென்னையில் 31.1.2016 அன்று நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பெண்கள் தனித்தனிப் போர்வைகளாகப் பின்னி, ஒன்றாக இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். நம் கீரப்பாளையம் கணக்கில் இரண்டு காணிக்கும் மேல்!

ஆக, மறுபடி ஊசி எடுப்பவர்கள் பழைய பெரிய வேலையில் கை வைக்காதீர்கள். சிதம்பரம் போய்த் தடித்த பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் வாங்கிவந்தேன். வெளிர் மஞ்சள். கறுப்பில் கண்ணியே தெரியாது. முதலில் டபரா வைக்க ஒரு வட்டம் பின்னினேன். அது வட்டமாக வராமல் கிண்ணம்போல் குவிந்துகொண்டது, ஒவ்வொரு சுற்றிலும் கண்ணி கூட்ட மறந்ததால். இரண்டாவது பரவாயில்லை. அப்புறம் ஒரே மாதிரி சதுரங்கள், பத்து. ஏழாவதில் கை தளர்ந்தது. எண்ணாமலே விரல் ஓடியது.

இப்போது அக்காவின் பெட்டியை மறுபடி திறந்திருக்கிறேன். பூ ஏதும் நான் பின்னப்போவதில்லை. இருப்பதில் 48ஐ எடுத்து, எட்டு வரிசை, வரிசைக்கு ஆறாக இணைத்தால் சின்ன விரிப்பு ஆகும். இணைப்பும் ஓரமும் மட்டும் என் வேலை. மீதி நான்கு பூ அவள் பேத்திகள் நால்வருக்கு.

இணைக்க அதே வெள்ளை 20ஆம் எண் நூல் வேண்டும். பெட்டியில் இருப்பது போதாது. உங்கள் யார் வீட்டிலாவது பழைய கண்டு கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.