மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்



செங்கல்பட்டில் விலையைத் திட்டிக்கொண்டாவது டேங்கை நிரப்பிவிடுகிறோம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் அனுப்ப இலங்கை அரசு தடை போட்டது. அங்குள்ளவர்கள் மோட்டார் சைக்கிளையும் பழைய மாரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால் சிறு பிளாஸ்டிக் குப்பியில் பொத்திவைத்த பெட்ரோலைச் சில சொட்டு கார்புரேட்டருக்குள் பீய்ச்சி உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். காசில்லாத ஊரின் கருவி அந்தக் குப்பிதான்!

புகை, நாற்றம், பிளக்கில் கரி. அடிக்கடி கழற்றித் தேய்க்க வேண்டும். எஞ்சினும் சீக்கிரம் தேயும். தெரிந்தேதான் செய்தார்கள். பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி?

மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ செய்தி கேட்டார்கள்.